ஒரு விரல் இடம்

மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் துறைமுக அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. வந்தவர் ஒரு பெண் அதிகாரி. குடையை வாசலில் சாத்திவிட்டுப் பட்டறைக்குள் தலையை நீட்டி, "அங்குலம்ங்கிறவர் நீங்கதானா?" என்று கேட்டார். கேட்டு முடித்த பிறகுதான் அது பட்டப்பெயராக இருக்குமோ என்று தோன்றி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான்தான் மேடம். அப்படியே கூப்பிடுங்க. சொந்தப் பேரைச் சொன்னா நானே திரும்பிப் பார்க்க மாட்டேன்."

அங்குலம் செய்வது மாதிரிப் படகுகள். ஓட்டல் வரவேற்பறைகளிலும் கப்பல் கம்பெனி மேசைகளிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்குமே, அந்த மாதிரி. அதை யாராவது விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. தளத்தில் ஒட்டிய பலகைகளில் ஒரு சந்து மற்றதைவிட மயிரிழை அகலம் என்று, வாங்க வந்தவர் வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டு காத்திருக்க, முழுத் தளத்தையும் பெயர்த்துப் போட்டவர் அவர். பட்டப்பெயர் அன்றைக்கு வந்ததல்ல. அதற்கு முன்பே வந்துவிட்டது. அன்றைக்கு ஊர் முழுக்கப் பரவியது, அவ்வளவுதான்.

"எனக்கு ஒரு படகு வேணும்," என்றார் அதிகாரி.

"எந்தப் படகு?"

"முழுகிப்போச்சே, அது."

மூலையில் நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த மகளின் கை நின்றது. முழுகிய படகில் சுக்கான் பிடித்தவன் அவள் புருஷன். எல்லோரும் அவனைச் சுக்கானி என்றுதான் சொல்வார்கள். அந்த நேரம் அவன் மாடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"ஓட்டினவரு எங்க மாப்பிள்ளை. அது தெரிஞ்சுதான் வந்தீங்களா?" என்றார் அங்குலம்.

"தெரியும். வேற யாருகிட்டப் போறது? படம் வரைஞ்சு காட்டினா குழுவில இருக்கிறவங்க ஆளுக்கொரு பக்கம் திருப்பிப் பார்க்கிறாங்க. எது முன்பக்கம்னு கேக்கறாரு ஒருத்தர். கையால தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒண்ணு இருந்தாத்தான் இந்த விசாரணை முடியும். நீங்க செய்ங்க. படகோட்டிங்க ரெண்டு பேரை அனுப்பிச் சரிபார்த்துக்கறேன். ஆனா ஒண்ணு, படகு எப்படி இருக்கணுமோ அப்படி வேண்டாம். அன்னிக்கு எப்படிக் கிளம்பிச்சோ அப்படி வேணும். ஏத்தின சாமானோட."

அங்குலம் மகளைப் பார்த்தார். அந்தப் பட்டறையில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. மரம் அப்பாவுடையது, நூல் மகளுடையது. உடலை இழைத்து, பலகை ஒட்டி, வார்னிஷ் அடித்து, பாய்மரத்தை நட்டுக் கொடுப்பதோடு அவர் கை கழுவிவிடுவார். அதன் பிறகு பாய், கயிறு, கப்பி, முடிச்சு எல்லாம் அவள் பாடு. அம்மா போன பிறகு அப்பாவும் மகளும் சண்டை போடாமல் காலம் தள்ளியதற்கு இந்தப் பிரிவினைதான் காரணம். ஒருவர் பக்கத்தில் மற்றவர் கை வைப்பதில்லை.

"செய்யலாம்ப்பா," என்றாள் மகள்.

நடந்தது இவ்வளவுதான். அது ஒற்றைப் பாய்மரப் படகு. அக்கரைத் தீவுக்கு ஆளையும் சாமானையும் ஏற்றிப் போவது. அன்றைக்கு முகத்துவாரத்தைத் தாண்டும்போது வலப்பக்கமிருந்து காற்று ஓங்கி அடித்தது. பாய்மரத்தை வலப்பக்கம் இழுத்துப் பிடிக்கிற கயிறு விட்டுப்போய், மரம் இடப்பக்கம் சரிந்தது. படகு கவிழ்ந்தது. பின்னால் வந்த படகுகளில் இருந்தவர்கள் எல்லோரையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள், ஒருவனைத் தவிர. அவன் இடது ஓரத்தில் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். மரம் அவன் தலையில்தான் விழுந்தது. ஒல்லி என்று கூப்பிடுவார்கள். சுக்கானிக்கு அந்தப் படகில் கூடமாட நின்றவன். கயிறு கட்டுவது அவன் வேலை. அவன் ஒழுங்காகக் கட்டவில்லை, முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்றுதான் சுக்கானியின் முதல் வாக்குமூலத்தில் பதிவாகியிருந்தது. ஊரும் அதையே பேசிக்கொண்டது. பாவம் என்று தொடங்குவார்கள். ஆனாலும் என்று முடிப்பார்கள்.

படகின் உடல் சீக்கிரமே உருவாகிவிட்டது. ஒரு அடிக்கு அரை அங்குலம் என்பது கணக்கு. முடிக்கிற வேலைதான் இழுத்தது. மழை ஈரத்தில் வார்னிஷ் காயவே இல்லை. முதல் பூச்சு வெள்ளை பூத்துவிட்டது.

"பவுடர் போட்டுக்கிட்டு நிக்குது பாரு, பொண்ணு பார்க்க ஆள் வர்ற மாதிரி," என்று திட்டிக்கொண்டே அங்குலம் உப்புத்தாளால் முழுவதையும் தேய்த்து எடுத்தார். ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் பல்பை எரியவிட்டு, படகை உள்ளே வைத்து, மேலே கோணியைப் போட்டு மூடினார். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் நைந்த உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு, ஈரத்துணியால் ஒரு துடைப்பு. பிறகு கன்னத்தை உடல் மேல் வைத்துப் பார்ப்பார். விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு கன்னத்துக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. வீடு முழுக்க வார்னிஷ் வாசனை. மாடியில் வடித்த சோற்றிலும் அதே வாசனை.

சோறு வடிப்பது இப்போது சுக்கானி. உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது. கல்யாணமான நாளாக மாமனார் வீட்டிலேயே இருப்பவன். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது கிண்டல் செய்தால், "வீட்டோட எங்க இருக்கேன், தண்ணியோட இல்ல இருக்கேன்?" என்று சிரித்துக்கொண்டு போய்விடுவான். இப்போது உண்மையிலேயே வீட்டோடு இருந்தான். ஒழுகாத குழாயைச் சரிசெய்து ஒழுகவைத்தான். சோறு ஒரு நாள் அரிசியாக இருக்கும், ஒரு நாள் களியாக இருக்கும்.

"பரவாயில்ல மாப்பிள்ளை, பட்டறையில பசை தீர்ந்துபோச்சு. மிச்சத்தை வெச்சிருங்க," என்றார் அங்குலம் ஒருநாள். முன்பெல்லாம் இதற்கு அவன் வெடித்துச் சிரித்திருப்பான். இப்போது தட்டைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்குப் பார்த்து வடிக்கிறேன் மாமா," என்றான். அங்குலத்துக்குச் சொன்னது தப்போ என்று ஆகிவிட்டது.

பட்டறைக்குள் மட்டும் அவன் வருவதில்லை. மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்துகொள்வான். அங்கிருந்து பார்த்தால் மேசையின் கால் தெரியும், படகு தெரியாது. மகள் கீழே இருந்தபடி கேட்பாள்.

"பாயைத் தூக்குற கயிறு எவ்வளவு கனம்?"

"என் கட்டை விரல் கனம்."

"வாங்க, விரலைக் காட்டுங்க."

வரமாட்டான். அவள்தான் மேலே ஏறிப் போய், நூலை அவன் கட்டை விரலில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்குவாள். அந்தக் கணக்குக்குத் தோதான நூலைத் தேடி, டீத்தண்ணியில் ஊறப்போடுவாள். வெள்ளை நூலை அப்படியே கட்டினால் படகு மாதிரி இருக்காது, சட்டைப் பொத்தான் தைத்த மாதிரி இருக்கும். காய்ந்ததும் மெழுகுக் கட்டியில் இழுப்பாள். இழுக்காவிட்டால் நூலில் பிசிறு நிற்கும். இந்த அளவில் அந்தப் பிசிறு, கயிற்றில் ஆள் உயரத்துக்கு முடி முளைத்த மாதிரி தெரியும். பருப்பளவு கப்பிகளில் ஊசி முனையால் துளை போட்டு, இடுக்கியால் பிடித்துக்கொண்டு நூலைக் கோப்பாள். அந்த வேலை நடக்கும்போது பேச மாட்டாள், யாரும் கதவைச் சாத்தவும் கூடாது. தும்மல் வந்தால் அங்குலம் தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவார்.

அதிகாரி அனுப்பிய படகோட்டிகள் இரண்டு பேரும் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். சுக்கானின் பிடி, பாயில் போட்ட ஒட்டு, தளத்தில் தண்ணீர் இறைக்கிற குழி எல்லாம் சரி என்றார்கள். ஒருவன், "இதுல ஏறி உக்காந்துரலாம் போல இருக்கே," என்றான். மேலே படியில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து அறைக்குள் போகிற சத்தம் கேட்டது.

ஒல்லியின் மனைவி வந்தது ஒரு மத்தியானம். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. வெளுப்புத் தூளில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெளிறி இருக்கும். வாசலில் நின்று, "அக்கா, பார்க்கலாமா?" என்றாள்.

"வா, வா. ஏன் அங்கயே நிக்கிற?"

அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவு அழகாவா இருந்துச்சு இது? நாத்தம் புடிச்ச படகுன்னு நான் ஏறவே மாட்டேன்."

"புதுசுல எல்லாமே அழகுதான்."

"அவரு எங்க நிப்பாரு?"

மகள் இடுக்கியின் நுனியால் இடது ஓரத்தைக் காட்டினாள். வந்தவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தக் கயிறு எது?" என்று கேட்டாள்.

"இது. இன்னும் கட்டல. மேல் முனை மட்டும்தான் போட்டிருக்கேன். கீழ் முனை இதோ இந்த இரும்பு வளையத்துல வரும்."

"இந்த வளையத்துலதான் அவரு சரியா கட்டலைன்னு சொல்றாங்களா?"

அங்குலம் வேலையே இல்லாத இடத்தில் உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் படகு தெரியாதுக்கா," என்றாள் அவள். "ஆனா வீட்டுல துணி காயப்போடற கொடி அவரு கட்டினது. அதை அவிழ்க்க முடியாம நான் அரிவாள்மணையைத் தூக்கிட்டுப் போயிருக்கேன். குழந்தை தூளி, சைக்கிள் பின்னால கட்டுற மூட்டை, எதுலயும் அவரு போட்ட முடிச்சு அவிழ்ந்து நான் பார்த்ததில்ல. அன்னிக்கு மட்டும் அவிழ்ந்துச்சுன்னா, சரி, மனுஷன்தானே, அவிழ்ந்திருக்கும். ஆனா யாராவது பார்த்தாங்களா? அண்ணே பார்த்தாரா? அதைத்தான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அண்ணே இருக்காரா?"

மகள் மாடியைப் பார்த்தாள். சத்தமே இல்லை.

"வெளிய போயிருக்காரும்மா," என்றார் அங்குலம். வெளியே செருப்பு கிடந்தது. அவளும் அதைப் பார்த்திருந்தாள். டீ குடிக்கச் சொன்னதற்கு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

மிச்சம் இருந்தது சாமான் மட்டும்தான். அன்றைக்கு ஏற்றிய சிமெண்ட் மூட்டைகள், ஒரு அம்மாளின் கோழிக்கூடை, ஒரு இரும்பு பீரோ. எல்லாவற்றையும் அங்குலம் மரத்துண்டில் செதுக்கி வண்ணம் அடித்துக் கொடுத்தார். பீரோவுக்குச் சாம்பல் நிறம். கண்ணாடிக்கு சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். புதுக்குடித்தனம் போன ஒருவருடைய பீரோ அது. படுக்கவைத்தால் கண்ணாடி உடைந்துவிடும் என்று நிற்கவைத்தே கொண்டுபோனார்கள். அது நின்ற இடத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. பாய்மரத்துக்கு நேராக வலது ஓரத்தை ஒட்டி நின்றது என்று பிழைத்து வந்த எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒரு பெண் அந்தக் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டாளாம்.

மகள் பீரோவை அந்த இடத்தில் வைத்தாள். பிறகு வலது கயிற்றைப் பாய்மரத்தின் உச்சியிலிருந்து கீழே இழுத்து வளையத்துக்குக் கொண்டுபோனாள். கயிறு போகவில்லை. பீரோவின் தலையில் முட்டிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் இழுத்துப் பார்த்தாள். பீரோவின் உடம்புக்குள் புகுந்து வெளியே வந்தால்தான் வளையத்தைத் தொட முடியும். வளையமே பீரோவின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"அப்பா, பீரோ அளவு சரியா?"

அங்குலம் ஸ்கேலை எடுத்து அளந்தார். பீரோவை அளந்தார், வளையம் இருக்கும் இடத்தை அளந்தார், மரத்தின் உயரத்தை அளந்தார். ஸ்கேலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அளவு சரிதான்," என்றார். பிறகு, "நான் கடைக்குப் போயிட்டு வரேன்," என்று மழையிலேயே இறங்கிவிட்டார்.

"ஏங்க, கொஞ்சம் கீழ வாங்க," என்று மகள் கூப்பிட்டாள்.

சுக்கானி பாதிப் படியில் வந்து நின்றான்.

"கீழன்னா கீழ."

வந்தான். படகை முதல்முறையாகப் பார்த்தான். பார்த்ததும் வலது கை தானாகச் சுக்கான் பக்கம் நீண்டு, மடங்கிக்கொண்டது.

"இந்தக் கயிறு பீரோவுக்குள்ள பூந்து போகுது," என்றாள் அவள்.

அவன் குனிந்து பார்த்தான். "பீரோவை ஒரு விரல் பின்னால தள்ளி வை. போகும்."

"ஒரு விரலா?"

"ஒரு விரல்தானே? யாருக்குத் தெரியப்போகுது?"

"இங்க ஒரு விரல். அங்க ஒன்றரை அடி. அந்த இடத்துல கோழிக்கூடை இருந்துச்சே."

"கூடையைக் கொஞ்சம் தள்ளு."

"அதுக்குப் பின்னால அந்தம்மா உக்காந்திருந்தாங்க. அவங்களையும் தள்ளவா?"

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மாமனார் உட்காரும் முக்காலியில் அவன் மெதுவாக உட்கார்ந்தான்.

"கயிறு வளையத்துல இல்லைதானே?" என்றாள்.

"இல்ல."

"எங்க இருந்துச்சு?"

கூடாரத் துணி கட்டுவதற்காக ஓரத்தில் நட்டிருந்த குட்டைக் கட்டையைக் காட்டினான். முழங்கால் உயரம்கூட இல்லை. "முதலாளி கரையில நின்னு கத்திட்டு இருந்தாரு, நீரோட்டம் திரும்பிரும், எடு எடுன்னு. பீரோவை ஏத்தக் கயிறு குறுக்க நின்னுச்சு. அவிழ்த்தேன். ஏத்தி நிறுத்தினப்புறம் வளையத்துக்குக் கை போகல. கட்டையில சுத்திப் போட்டேன். காத்து வந்ததும் கட்டை பேத்துக்கிட்டு வந்துருச்சு. முடிச்செல்லாம் அவிழவே இல்ல."

"யாரு போட்டா?"

"நான்தான்."

"ஒல்லி?"

"வேணாம்னான். அக்கரை போய்ப் பார்த்துக்கலாம்டான்னேன்."

"அப்புறம் ஏன் அவன் கட்டினான்னு சொன்னீங்க?"

"நான் சொல்லல." அவன் குரல் சட்டென்று உயர்ந்தது. "கயிறு கட்டுறது யாரு வேலைன்னு கேட்டாங்க. ஒல்லி வேலைன்னேன். அது நெசம்தானே? அவன் ஒழுங்கா கட்டலையான்னு கேட்டாங்க. விட்டுப்போச்சு சார்னேன். அதை வெச்சு எழுதிக்கிட்டாங்க. ஈரத் துணியோட உக்காந்திருக்கேன், பல்லு தந்தியடிக்குது. எழுதட்டும்னு விட்டுட்டேன்."

"அன்னிக்கு விட்டீங்க, சரி. மறுநாள்?"

"மறுநாள் ஊரே அதைப் பேசிச்சு."

அவள் இடுக்கியைத் துடைத்து டப்பாவில் வைத்தாள். கயிற்றின் கீழ் முனை பீரோவின் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சொன்னா ஜெயில்தான்," என்றான்.

"ஆமா."

"இனிமே சுக்கான் பிடிக்க விடமாட்டாங்க."

"விடமாட்டாங்க."

"உனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் கை வரமாட்டேங்குது. வளையத்துலயும் கட்ட வரல, கட்டையிலயும் கட்ட வரல. இந்த ஒரு கயிறை நான் கட்டல. அப்படியே தொங்கட்டும்."

மறுநாள் காலையில் அவள் பட்டறைக்கு வந்தபோது பீரோ நகர்ந்திருந்தது. பசை போட்டு ஒட்டியிருந்தது. கோழிக்கூடை வேறு மூலைக்குப் போயிருந்தது. பழைய இடத்தில் பசைத் தடம்கூட இல்லாமல் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் வார்னிஷும் தொட்டிருந்தது. அங்குலம் டீ குடித்துக்கொண்டிருந்தார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பா."

"பீரோ மரத்துல செஞ்சது. மரம் என் பக்கம். இப்ப கயிறு வளையத்துக்குப் போகும், கட்டிடு."

"அளவு?"

"அளவு தப்பு." வாயில் கசப்பு மாத்திரை கரைந்த மாதிரி சொன்னார்.

"அப்பா, அவ வந்து இங்க நின்னாளே. நீங்களும்தானே பார்த்தீங்க."

"பார்த்தேன். கடையிலயிருந்து வந்தப்போ நீங்க பேசினதும் கேட்டுச்சு. மாப்பிள்ளை ஒல்லிக்குச் செஞ்சது தப்பு. நான் செஞ்சதும் தப்பு. ஆனா நான் ஒல்லிக்கு அப்பன் இல்ல. உனக்குத்தான் அப்பன்." டம்ளரைக் கீழே வைத்தார். டீ கொஞ்சம் சிந்தியது. சிந்தியதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. சுக்கானி இறங்கி வந்தான். நேராக மேசைக்கு வந்து குனிந்து பீரோவைப் பார்த்தான்.

"இதை நீங்களா மாத்தினீங்க மாமா?"

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. இது பட்டறை விஷயம்."

"ஒரு சந்து பெரிசுன்னு தளத்தையே பெயர்த்தவரு நீங்க. எனக்காக இதைப் பண்ணிட்டு நாளைக்கு எப்படி மாமா ஸ்கேலைக் கையில எடுப்பீங்க?"

"எடுத்துக்குவேன். அது என் பாடு."

"எடுக்க மாட்டீங்க," என்றான் சுக்கானி. "எனக்குத் தெரியும். நான் அந்த நாள்லயிருந்து இந்தப் பக்கமே வரல. நீங்களும் என்னை மாதிரி படியிலயே உக்காந்துருவீங்க."

அவன் கத்தி கேட்டு அங்குலத்திடம் கையை நீட்டிக்கொண்டே நின்றான். கடைசியில் அவர் மெல்லிய தகட்டுக் கத்தியைத் தேடி எடுத்து அவன் கையில் கொடுத்தார். "அடியில விடுங்க. நெம்பாதீங்க, பலகை பேத்துக்கும்," என்றார். அவன் நெம்பினான், பலகை கொஞ்சம் பெயரத்தான் செய்தது. "விடுங்க, விடுங்க," என்று அவரே கத்தியை வாங்கி மிச்சத்தை எடுத்தார். பீரோவும் கூடையும் பழைய இடத்துக்கு வந்தன. அவர் அளந்து வைத்தார்.

கயிற்றை அவனே கட்டினான். மகள் நூலை ஊசியில் கோத்துக் கொடுத்தாள். அதற்குமேல் கை வைக்கவில்லை. படகுக் கயிற்றை இழுத்து இழுத்துக் காய்த்த விரல்கள் அவை. நூல் அகப்படவில்லை. இடுக்கியால் பிடித்தால் இடுக்கி பறந்தது. முடிச்சு விழுந்தால் தொங்கியது, இறுக்கினால் அறுந்தது. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. வியர்வை படகின் தளத்தில் சொட்டியதும் அங்குலம் பதறிப்போய்த் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கடைசியில் குட்டைக் கட்டையைச் சுற்றிக் கயிறு நின்றது. முடிச்சு மிளகு மாதிரி உருண்டு அசிங்கமாக இருந்தது.

"நான் வேணா அதை நேர் பண்ணட்டுமா?" என்றாள் மகள்.

"வேணாம், இருக்கட்டும்."

அதிகாரி வந்தபோது மழை விட்டிருந்தது. படகைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பாயைப் பார்த்தார், கப்பிகளைப் பார்த்தார், பீரோவில் முகம் தெரிகிறதா என்று குனிந்துகூடப் பார்த்தார். பிறகு குட்டைக் கட்டையிடம் வந்து நின்றார்.

"மத்ததெல்லாம் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. இது மட்டும் ஏன் இப்படி? அதுவும் இந்த இடத்துல?"

"அது நான் கட்டினது மேடம்," என்றான் சுக்கானி.

"நீங்களா? கயிறு கட்டுறது ஒல்லி வேலைன்னு சொன்னீங்களே."

"வேலை அவனோடதுதான். அன்னிக்குக் கட்டினது நான்."

அதிகாரி அவனை நிமிர்ந்து பார்த்தார். அங்குலத்தின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்களும் உக்காருங்க. முதல்லயிருந்து சொல்லுங்க," என்றார்.

விசாரணை ஒரே மூச்சில் முடிந்துவிடவில்லை, இழுக்கத்தான் செய்தது. முதலாளி மறுத்தார், பிறகு பாதியை ஒத்துக்கொண்டார். ஒல்லி மேல் எழுதியிருந்ததை நீக்கினார்கள். சுக்கானியின் உரிமத்தை நிரந்தரமாக ரத்து செய்தார்கள். சில மாதங்கள் உள்ளே இருக்க வேண்டும் என்றும் ஆனது. அவன் போய்ச் சேர வேண்டிய நாளுக்கு முன்னால் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியின் பின்பக்கத்துக்குப் போனான்.

துவைத்த துணி மலையாகக் குவிந்திருந்தது. ஒல்லியின் மனைவி தனியாகப் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். கூட மடிக்கிறவள் அன்றைக்கு வரவில்லை. இவர்களைப் பார்த்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. ஒரு போர்வையை உதறி, "அந்த முனையைப் பிடிங்க," என்றாள்.

அவன் பிடித்தான். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று மடித்தார்கள். கொண்டுவந்த பேச்சையெல்லாம் அவன் மடிப்புகளுக்கு நடுவே சொல்லி முடித்தான். தப்பு என்றான். அவள் மடித்ததை வாங்கி அடுக்கினாள், அடுத்ததை எடுத்தாள். மகள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"அவரு வேணாம்னு சொன்னாருன்னு எழுதியிருக்காங்களாம்," என்றாள் ஒல்லியின் மனைவி கொஞ்ச நேரம் கழித்து. "வேணாம்னா எப்படி? என்ன வார்த்தை சொன்னாரு?"

"வார்த்தையா?"

"ஆமாண்ணே. அவரு வாயில வந்தது. மாத்தாம சொல்லுங்க."

சுக்கானி போர்வையின் முனையைப் பிடித்தபடி யோசித்தான். "'அண்ணே, இது நிக்காது. பீரோவைக் கொஞ்சம் நகத்திட்டு வளையத்துலயே போட்டுரலாம். ரெண்டு நிமிஷம்.' அப்படின்னான்."

அவள் கை நின்றது.

"ரெண்டு நிமிஷம்னா சொன்னாரு?"

"ஆமா."

"கடைக்குப் போகச் சொன்னா ரெண்டு நிமிஷம். குளிக்கச் சொன்னா ரெண்டு நிமிஷம். எல்லாத்துக்கும் அதான். அரை நாள் ஆகும்." உதடு சிரிக்கிற மாதிரி கோணியது. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கை போர்வையை விடவில்லை. "அவரேதான்."

எதிர் முனையில் அவன் தளர விட்டிருந்தான். அவள் தன் பக்கம் இழுத்து இறுக்கினாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.